தெற்குச் சுவரில் ஒரு கதவு

நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டை, அதாவது ஃபியூம் ஹூட்டை, ஓர் அறையின் வாசலை ஒட்டி வைக்கக் கூடாது. வைத்தால் அந்த அறைக்கு வேறொரு வாசல் இருக்க வேண்டும். காரணம் எளிது. ஆய்வகத்தில் தீ முதலில் பிடிக்கக்கூடிய இடம் அதுதான். ஆய்வகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விதியைச் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

அடையாறில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையம் கட்டியபோது, வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டு வடக்குச் சுவரில் இருந்தது. குடுவை கழுவும் அறை தென்கிழக்கு மூலையில். அதற்கு ஒரு கதவு ஆய்வகத்துக்குள்ளும் இன்னொரு கதவு தெற்கே நடைவழிக்கும் திறந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் செல்வாக்கில், என்னிடம் பல வருடம் குடுவை கழுவிய சாந்தோம் குப்பத்துப் பெண்மணிக்கு அங்கே அதே வேலையை வாங்கியும் கொடுத்தேன்.

திறப்பு விழாவுக்குப் போனால் கூண்டு இடம் மாறியிருந்தது. நெருப்பு சம்பந்தப்பட்டது அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் சொன்னாராம். ஆகவே அது தென்கிழக்குக்கு, கழுவும் அறையின் வாசலுக்கு ஒரு கை தூரத்துக்கு, வந்துவிட்டது. தெற்கு யமன் திசையாம். அங்கிருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, ‘பாதுகாப்பே முதன்மை’ என்று ஒரு பலகையையும் மாட்டியிருந்தார்கள். வரைபடத்தில் இடம் மாறாமல் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

நிலையத்தின் தலைவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சந்தனம் கொடுத்து வரவேற்றவரிடம் அங்கேயே கேட்டேன்.

“சார், தெக்கப் பாத்து வாசல் வச்சு எங்கப்பா பட்ட பாடு எனக்குல்லா தெரியும்,” என்றார். “நல்ல நாளும் அதுவுமா ஏன் தீயப் பத்திப் பேசுதீய? கேசரி சாப்பிடுங்க.”

கட்டடக் கலைஞர் கேசரியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “க்ளையண்ட் சொன்னா செய்யணும் சார்,” என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். யமன் உள்ளே வரக் கூடாது என்று கதவை அடைத்தவர்கள், ஏற்கெனவே உள்ளே இருக்கும் மனுஷி எப்படி வெளியே போவாள் என்று யோசிக்கவில்லை.

சித்திரையில் ஒரு பகல், கூண்டுக்குள் கரைப்பான் தீப்பிடித்தது. ஆய்வாளர்கள் தீயணைப்பானைத் தேடி எடுத்து அடக்கும் வரை, அந்தப் பெண்மணி கழுவும் அறையில் முந்தானையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று மாலையே கோபாலபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

“கொசுவுக்குப் போட்ற மாரி பொகை போட்டானுங்க சார். கொசுன்னா ஜன்னல் வழியாப் பறந்துடும். நான் எங்க போவேன்? செவுத்தத் தடவிக்கினு நின்னேன். ரெண்டு கதவு கீதுன்னு நீதானே சார் சொன்ன?”

நான்தான் சொன்னேன். அரசுத் துறைக்கு எழுதுகிறேன் என்றேன்.

“இன்னா சார் நீ! அவன் வந்து சீல் வெச்சான்னா என் வேல பூடும். கதவு மட்டும் கேளு.”

கேட்டேன். விதிகளை வரிசைப்படுத்தி, வரைபட நகல் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் தலைவருக்கு ஒரு கடிதம். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். நிலையத்தின் ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்கு நேரில் போனபோது, கடிதம் ‘பரிசீலனையில்’ இருப்பதாக வரவேற்பறைப் பெண் சொன்னாள். அது அவளுடைய மேசையில், காபி டம்ளருக்கு அடியில் இருந்தது.

இதற்கிடையில் அந்தப் பெண்மணி எந்த விதியையும் படிக்காமல் சரியான காரியத்தைச் செய்தார். கழுவும் தொட்டியை ஆய்வகம் வழியாக வெளியே இழுத்து வந்து, ரப்பர் குழாயை நீட்டி, நடைவழியில் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தார். மேலாளர் அதட்டியதற்கு, “சாரோட லெட்டருக்குப் பதில் வர்ற வரைக்கும் இங்கதான் கழுவிக்கினு இருப்பேன். ஓணும்னா நீ உள்ள போய் நில்லு,” என்றாராம்.

நிறுவனத்துக்கு உறைத்தது அந்தத் தொட்டிதான். பதில் வந்தது. பிரித்தபோது அந்தப் பெண்மணியும் எதிரே இருந்தார். வாய்விட்டுப் படித்தேன்.

தெற்குச் சுவரில் கதவு வைக்க ஒப்புதல் அளிக்கப்படுகிறது. வாசற்படியில் செப்புத் தகடு பதித்தால் தோஷமில்லை என வாஸ்து நிபுணர் கூறியுள்ளார். ஆடியில் வேலை தொடங்கும் வழக்கமில்லாததால், ஆவணியில் முகூர்த்தம் பார்த்துச் சுவர் இடிக்கப்படும்.

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. வெளியேறும் வழியில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்று என் கடிதத்தின் மூன்றாம் பத்தி சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அவ்விதிப்படி நடைவழியிலிருந்த தொட்டி அகற்றப்பட்டு, கழுவும் அறைக்குள் மீண்டும் வைக்கப்பட்டுள்ளது. ஊழியர் இனி அங்கேயே பணியாற்ற வேண்டும், தவறினால் பணிநீக்கம்.

அந்த மூன்றாம் பத்தியை யாரும் கேட்கவில்லை. கடிதம் முழுமையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

“உன் ரூல வெச்சே என்ன உள்ள தள்ளிட்டானுங்களே சார்,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ஆவணிக்கு எத்தினி நாளு கீது?”

உறையின் மேல், எனக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் குறிப்பதுபோல, கிடைத்த நாளைக் குறித்தேன்: ஆடி ஒன்று.