பெற்ற பிள்ளைக்கு எதிராக ஒரு சாட்சி

குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு நானும் என் மகனும் காரில் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியபடியே அவன் செல்போனைப் பார்த்தான். நான் சத்தம் போடுவதற்குள், ஓரமாகச் சைக்கிளில் போன ஒருவர் மீது கார் மோதிவிட்டது. நாங்களே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் முறிந்து, நினைவில்லாமல் கிடந்தார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் மகன், "திடீர்னு குறுக்க வந்துட்டாரு சார்" என்றான்.

தகவல் தெரிந்து ஓடி வந்த, அடிபட்டவருடைய மனைவி என் பக்கம் திரும்பினாள். "அவுக அப்படிப் போக மாட்டாகளே அக்கா. நீங்க பாத்தீகளா?"

மகன் என் கையை அழுத்தினான். நான் பேசாமல் இருந்தால், பேச முடியாமல் கிடக்கும் அந்த மனிதர் மேல் பழி விழும். பெற்ற பிள்ளைக்கு எதிராகவே ஆனாலும் நீதியின் பக்கம் சாட்சி சொல்லச் சொல்கிறது எங்கள் மார்க்கம். எத்தனையோ முறை ஓதியதுதான். அன்றுதான் பயமாக இருந்தது.

"அவுக ஓரமாத்தான் போனாக. இவன் போனைப் பாத்தான்" என்றேன்.

"உம்மா, நீயே என்னைய மாட்டி விட்டுட்டியே" என்றான் மகன்.

வழக்கு நடக்கிறது. அவன் என்னிடம் பேசுவதில்லை. அவருக்கு நினைவு திரும்பிவிட்டது, ஆனால் இன்னும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் தொழுது முடித்துக் கையேந்தும்போது முதலில் அவருக்காகக் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் என் மகனுக்காக.