சென்ட்டுக்கு ஆறு புடவை

பத்திரம் எழுதும் தொழிலில் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதைப் பற்றிய எண்கள்தான் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், பழைய பத்திரத்தில் ஏக்கர், மனைக்குச் சதுர அடி, பக்கத்திலேயே சதுர மீட்டர். இவற்றுக்கு நடுவில் கால்குலேட்டரோடு நின்று முழித்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான்.

ஆரணியில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, பி.எஸ்ஸி. கணிதம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் சார் அன்றே சொன்னது வேறு: "ஒரு புள்ளி எடம் மாறினா ஏக்கர் கணக்குல போயிடும். இந்த மாசம் தப்பு இல்லாம ஓட்டு. அப்புறம் உன்ன வெச்சிக்கறதா வேணாமானு பாக்கலாம்."

படவேட்டில் காணாமல் போன அறுபது சென்ட்

படவேட்டிலிருந்து ஒரு விவசாயி பஸ் பிடித்து வந்து பட்டாவை மேசையில் விரித்தார். 0 - 40.50 என்று இருந்தது. "ஒரு ஏக்கரும்மா எங்க நெலம். நாப்பது சென்ட்டுனு போட்டுகினு கீறாங்க. மீதி அறுபத யாரு துன்னது?" என்றார். பங்காளிதான் தின்றிருப்பான் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அது சென்ட் இல்லை, ஏர், ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. ஒரு ஏருக்கு ஏறக்குறைய இரண்டரை சென்ட். நாற்பதரை ஏர் என்றால் ஒரு ஏக்கர்தான் என்று மூன்று முறை விளக்கினேன். முகம் தெளியவில்லை. கடைசியில், அவர் பங்காளிக்கும் ஒரு ஏக்கர்தான் என்றால் அந்தப் பங்காளியின் பட்டாவிலும் இதே எண்தான் இருக்கும் என்றேன். உடனே பட்டாவை மடித்துப் பையில் வைத்தார்.

"அவனுக்கும் நாப்பதுதானா? அப்ப சரிம்மா. எனக்கு மட்டும்தான் கொறச்சிட்டாங்களோனு பயந்துட்டேன்."

எட்டு வேண்டாத வாத்தியார்

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மனை வாங்கினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், எண் ஜோதிடத்தில் துளியும் நம்பிக்கை இல்லை என்று வந்ததும் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மனை 1206 சதுர அடி. கூட்டினால் ஒன்பது வருகிறது என்று மகிழ்ச்சியோடு காட்டினார்.

பத்திரத்தில் சதுர மீட்டரும் போட வேண்டும். போட்டேன்: 112.04. அவர் விரல் விட்டுக் கூட்டினார். எட்டு. இன்னொரு முறை கூட்டினார். அப்போதும் எட்டு. அந்த நாலை மூன்றாக்க முடியுமா என்றார். முடியாது சார், அது பெருக்கி வந்த எண் என்றேன். எங்கள் பள்ளியில் எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா. இருந்தாலும் நாங்க சதுர அடியிலயே குடியிருந்துக்கறோம், அந்த மீட்டர கொஞ்சம் சின்ன எழுத்துல அடி."

புடவையில் சொல்லுங்கள்

தறி போட ஒன்றரை சென்ட் விலைக்கு வந்திருக்கிறது என்று ஒரு நெசவாளி வந்தார். ஒரு சென்ட் என்றால் எவ்வளவு என்றார். 435.6 சதுர அடி என்றேன். உதட்டைப் பிதுக்கினார். 40.47 சதுர மீட்டர் என்றேன். அதற்கும் பிதுக்கினார். "புடவைல சொல்லும்மா" என்றார்.

ரவிக்கைத் துணி நீங்கலாக அஞ்சரை மீட்டர் நீளம், ஒன்று புள்ளி இரண்டு மீட்டர் அகலம். ஒரு புடவை 6.6 சதுர மீட்டர். சென்ட்டுக்கு ஆறு புடவை, கொஞ்சம் கூடுதல். ஒன்றரை சென்ட்டுக்கு ஒன்பது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் எழுந்துவிட்டார்.

"அஞ்சு மாசத்துல நான் புடவை நெய்ஞ்சே மூடிடுவேன் அந்த எடத்த, அதுக்கா இந்த வெல சொல்றான்?"

நின்றுபோக இருந்த கல்யாணம்

மாசக் கடைசியில் ஏழுமலை என்பவர் தன் மகன் பேருக்கு எண்பது சென்ட் எழுதி வைக்க வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்பது பெண் வீட்டுப் பேச்சு. அதனால் பெண்ணின் அப்பாவும் கூடவே வந்திருந்தார். கண்ணமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பட்டாவை வாங்கிப் பார்த்தார். 0 - 32.50.

"எம்பது சென்ட்டுனு சொன்னீங்க சம்பந்தி. இங்க முப்பத்திரண்டர கீது."

ஏழுமலைக்கே சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். கால்குலேட்டரில் தட்டி எண்பது சொச்சம் என்று காட்டினேன். "இது உங்க ஆபீஸ் மிஷினு" என்று பெண்ணின் அப்பா தன் போனை எடுத்தார். 0.325 ஹெக்டேரை ஏக்கராக்கினார். 0.80 என்று வந்தது. "இன்னாங்க இது! இப்ப ஒரு சென்ட்டுகூட தேறல!" என்று எழுந்து செருப்பைத் தேடினார். எங்கள் சார் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மாசக் கடைசிப் பார்வை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஐயா, ஒன்னு மேல ஒன்னு படாம விரிச்சா நானூத்தித் தொண்ணூத்திரண்டு புடவை" என்றேன்.

ஒரு செருப்போடு நின்றார். "முந்தானை மடிக்காமயா?"

"மடிக்காம. அதுக்கு மேல ஒரு பாதிப் புடவை. சரியா பாதிகூட இல்லங்க, கொஞ்சம் கொறச்சல்."

கண்ணை மூடி மனசுக்குள் எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொறச்சல்னு தானா வாய் தொறந்து சொல்லுது இந்தப் பொண்ணு. ஏமாத்தறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. எழுதுங்க சம்பந்தி" என்றார்.

அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகு சார் என் மேசைக்கு வந்தார். ஒரு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கும் வந்துடும்மா. ஆனா பத்திரத்துல மட்டும் புடவைனு அடிச்சிடாத."

மூன்று வருடம் கணிதம் படித்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், எந்த அலகில் சொன்னாலும் நிலம் அதே அளவுதான், சொல்கிறவளின் வேலைதான் அலகுக்கு அலகு ஆடுகிறது.