தேன்சிட்டின் கழுத்து

என் ராத்தா, அதாவது அக்கா, ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியாக எங்கள் வீட்டில் வந்து படுத்த நாளிலிருந்து நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை. சும்மா ஊதிப் பெருக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது வயதில் கவலைப்படுவதற்கென்று ஒரு பரிசு வைத்திருந்தால் எங்கள் ஊர் அலவத்துகொடையிலேயே எனக்குத்தான் கிடைத்திருக்கும். மழை பெய்தால் பின்னால் உள்ள மண்மேடு சரியுமா, வாப்பாவின் பஸ் வளைவில் திரும்புமா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு வீடாகவே இருக்குமா என்று ஏதாவது ஒன்று எனக்குள் குடைந்துகொண்டே இருக்கும். ராத்தாவின் விஷயத்தில் மட்டும் என் கவலைக்கு நியாயம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றைக்கே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டது. என்னை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை, பிறகு ராத்தாவின் அறைக்குள்ளும் ஒரு கிழமை விடவில்லை.

இந்தத் தடவை பேராதனை ஆஸ்பத்திரி டொக்டர், கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ராத்தாவின் புருஷன், மச்சான், கத்தாரில். ராத்தாவுக்குக் கையில் இருந்தது போன் ஒன்றுதான். நாள் முழுவதும் அதில் குழந்தை அறைகளைப் பார்த்துப் பார்த்து, தன் அறைச் சுவரில் குருவிப் படம் மாட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கண்டி டவுனில் ஒரு பிரிண்டிங் கடைக்குப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி, வாப்பாவைக் கொண்டு எடுப்பித்து, அக்குறணையில் சட்டமும் போட்டாயிற்று. மீன்கொத்தி, மரங்கொத்தி, செண்பகம், எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு தேன்சிட்டு. ஆக நாலு.

மாட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கவே கூடாது என்று உம்மா சுத்தியலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கடைசியில் சுவரில் ஒட்டுகிற கொக்கி வாங்கி வந்தோம். நான் கதிரையில் ஏறி நிற்க, ராத்தா படுத்தபடியே எஞ்சினியர் வேலை பார்த்தாள்.

"இன்னும் மேல. ஐயோ, அவ்வளவு வாணாம். மரங்கொத்தி என்ன, குடிச்சவன் மாதிரி சரிஞ்சி ஈக்கி?"

ராத்தா சிரித்தே எவ்வளவோ காலமாகியிருந்தது. ஈரம் ஊறிக் கறுத்த அந்தப் பச்சைச் சுவர் ஆளே மாறிப் போனது. இரண்டு நாள் எனக்குக் கூடக் கவலை மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் திகனயிலிருந்து ராத்தாவின் மாமியார் வட்டலப்பமும் கையுமாக வந்தார். நல்ல மனுஷி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ராத்தாவின் காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"சோக்காத்தான் ஈக்கி புள்ள. ஆனா உசிருள்ளதுட படத்த ஊட்டுல மாட்டினா, ரஹ்மத்துடைய மலக்குமார் உள்ள வரமாட்டாங்கன்டு செல்லுவாங்க. அதுவும் இந்த நேரத்துல..." என்றார்.

உம்மா "தேத்தண்ணி ஆறுது, குடிங்கோ" என்று பேச்சை மாற்றினார். மாமி போன பிறகு குசினியில் உம்மா தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்: "எனக்கும் தெரியாதா? எப்பிடிச் செல்ற? அவ சிரிக்கிறதே இப்பத்தான்."

பெரியவர்கள் இப்படி ஒரு பேச்சைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். தூக்கம் கெடுவது யாருக்கு? எனக்கு. அருள் கொண்டு வரும் அந்த வானவர்கள், மலக்குமார், எங்கள் கேற்று வரைக்கும் வந்து, ஜன்னலால் எட்டி மீன்கொத்தியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போவது எனக்குக் கண்ணால் கண்டது போலத் தெரிந்தது. அவர்கள் வராவிட்டால் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது? போன தடவை போல ஆகிவிட்டால்? படங்களைக் கழற்றச் சொல்லலாம் என்றால் ராத்தாவின் முகம் போகிற போக்கை நினைக்கவே பயமாக இருந்தது. ராத்தாவின் மனம் நோகக் கூடாது என்றும் டொக்டர் சொல்லியிருந்தாரே.

வழி காட்டியவள் மத்ரஸாவில் எனக்குப் பக்கத்தில் இருந்து ஓதும் சிநேகிதி. நான் யாருடைய வீடென்று சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் பெரிய மனுஷி போலத் தன் பாடப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். யானை, பசு, பாற்காரன், தபாற்காரன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருடைய கழுத்திலும் பேனையால் குறுக்கே ஒரு கோடு.

"கழுத்த வெட்டினாச் சரி. பொறகு அது உசிருள்ள படமில்ல," என்றாள்.

இவ்வளவுதானா! எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

உம்மா ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நாளன்று வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். வாப்பா விறாந்தையில் யாருடனோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டங்களை இறக்கி, பின்பக்கத் தகடுகளைக் கரண்டிக் காம்பால் நிமிர்த்தி, படங்களை வெளியே எடுத்தேன். செண்பகமும் மரங்கொத்தியும் பிரச்சினை இல்லை. மீன்கொத்திக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தலை முடிந்த இடத்திலேயே வயிறு தொடங்கிவிடுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு இரண்டு கோடு. கடைசியாகத் தேன்சிட்டுக்கு, பிஸ்மி சொல்லி, கறுப்பு மாக்கரால் ஒரே இழுப்பு. பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுப் போய், நிஜமாகவே வயிறு வலிக்கிற ஆள் போலச் சுருண்டு படுத்துக்கொண்டேன்.

ராத்தா வந்து கட்டிலில் சாய்ந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போய் நின்றேன்.

"நீயா செஞ்ச?"

"ஓ, நான்தான்."

"எனத்துக்கு?"

"மலக்குமார் வரணுமே ராத்தா. பாப்பா இந்த முற..."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். பிறகு தேன்சிட்டை மட்டும் இறக்கித் தரச் சொன்னாள். ஓடிக்கொலோன் போத்தலும் பஞ்சும் கேட்டாள். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து மடியில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தாள். மை போகாமல் கலங்கி, குருவியின் நெஞ்செல்லாம் சாம்பலாகியது. அவள் விடவில்லை. கண்ணீர் ஒழுக ஒழுக ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

உம்மா ஓடி வந்தார். "விடு புள்ள, ஒரு படந்தானே. வேற அடிச்சி எடுப்போம்."

"இது படமில்ல உம்மா," என்றாள் ராத்தா.

உம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அழத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படமில்லை என்றால் வேறு என்ன? மற்ற மூன்றையும் அவள் ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை?

நாலு நாள் கழித்து, நாள் இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே, ராத்தாவுக்கு வலி வந்துவிட்டது. வேனில் ஏற்றிக்கொண்டு பேராதனைக்கு ஓடினார்கள். என்னை வாப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். வாப்பாவோ தொழுகை விரிப்பான முஸல்லாவை விட்டு எழும்பவில்லை. அன்றைக்குப் பிறகு எட்டிப் பார்க்காத ராத்தாவின் அறைக்குள் போனேன்; தேன்சிட்டை உம்மா திரும்ப மாட்டியிருந்தார். போனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேன்சிட்டின் கழுத்தில் கோடு இல்லை! ஒரு சாம்பல் கறைதான் இருந்தது. தலையும் உடம்பும் ஒட்டிக்கொண்டு, குருவி உயிரோடு நின்றது. அப்படியானால் மலக்குமார் திரும்பிப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்த வலி. யா அல்லாஹ், ராத்தா, நீ ஏன் அதை அழித்தாய்?

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, மாக்கரைத் தேடி எடுத்தேன். இந்த முறை ஒரு கோட்டில் விடவில்லை. யாராலும் அழிக்க முடியாதபடி, தடிப்பாக, மேலும் மேலும் இழுத்தேன். காகிதம் பொத்துக்கொண்டு போகும் வரைக்கும் இழுத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிய உம்மாவின் போன் வந்தது. பெண் பிள்ளை. சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், ஆனால் மூச்சு நன்றாக இருக்கிறதாம். வாப்பா விம்மி அழுதார். நான் அழவில்லை. எனக்கு எங்கே நேரம்? பெருமையில் உள்ளங்கை மையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்தா பிள்ளையோடு வந்த அன்று சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். பாப்பாவைக் காப்பாற்றியவள் நான்தான் என்று எத்தனையோ வருடம் ரகசியமாகத் திமிர் பிடித்துத் திரிந்தேன்.

போன வருடம் பக்கத்து வீட்டில் ஒரு பச்சைப் பிள்ளை மௌத்தானது. நானும் உம்மாவும் போயிருந்தோம். அந்தச் சின்னத் தாய் சுவரில் சாய்ந்து கிடந்தாள். வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள்.

"அழாதீங்கோ புள்ள. ஒங்கட பாப்பா சொர்க்கத்துல குருவியாப் பறந்து திரியும். நாளைக்கி உம்மாட கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போகும்."

நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்க்காமல், "ராத்தாக்கும் அன்டைக்கி இதத்தான் செல்லின," என்றார்.

ராத்தாவின் மகள் இப்போது என் தோளுயரம் வளர்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு மூத்தது இருந்தது. அதை நான் பார்த்ததேயில்லை. அதன் கழுத்தில்தான் இரண்டு தரம் கோடு போட்டிருக்கிறேன்.