நிரப்பாமல் நிரம்பிய கட்டம்

கீரப்பாளையத்தை விட்டு சேத்தியாத்தோப்புப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சிதம்பரம் போகிற பஸ் எதிரில் வந்தது. கை காட்டியிருந்தால் நின்றிருக்கும். அதில் ஏறினால் ஆபீசுக்குப் போக வேண்டும். போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கம் நடந்தேன்.

அது 2010. பத்தாவதில் தேறாதவன் நான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் தரை பெருக்கப் போய், இரண்டு வருடம் அங்கேயே படுத்துக் கிடந்து வெப் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டேன். பிறகு சிதம்பரத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் சேர்ந்தேன். ஒன்றுவிட்ட அக்காவின் கணவரான முதலாளி, நான், விவரங்களைக் கணினியில் ஏற்றும் ஒரு பெண், மூன்றே பேர். அவள் கீரப்பாளையத்திலிருந்து வந்துபோவாள். அவள் வீட்டில் முதன்முதலாக மேசைக்கு முன் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள்தான்.

எங்களிடம் அக்காவுக்குப் பதிந்தவர்கள் கொஞ்ச நாளில் தங்கைக்கும் பதிய வருவார்கள். அப்பா பெயர், ஊர், குலதெய்வம் எல்லாம் ஒன்றுதானே, மறுபடி ஏன் தட்ட வேண்டும் என்று ஒரு நிரல் எழுதினேன். இரண்டு பேருடைய விவரங்களும் இரண்டு ஆப்ஜெக்டுகள், கட்டம் கட்டமாக விவரம் வைக்கும் இரண்டு பெட்டிகள் மாதிரி. இரண்டிலும் ஒரே பெயரில் இருக்கிற கட்டங்களில் உள்ளதை அக்காவிடமிருந்து எடுத்துத் தங்கையிடம் போட்டுவிடும். பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், படிப்பு, போட்டோ, இந்த ஐந்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தேன். காலியாக உள்ள கட்டங்கள் மட்டுமே திரையில் வரும். அவள் வேலை பாதியாகக் குறைந்தது. "சூப்பர்ண்ணா" என்றாள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

ஆறாவதாக ஒன்றை விட்டிருக்க வேண்டும்: முதல் மணமா, மறுமணமா.

ஒரு குடும்பத்தில் அக்கா விவாகரத்தானவர். மறுமணத்துக்குப் பதிந்திருந்தார்கள். தங்கைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தங்கையின் விவரத் தாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது அதிலும் 'மறுமணம்' என்று இருந்தது. பெண்ணின் அப்பா அந்தத் தாளோடு ஆபீசுக்கு வந்தார்.

"எம் பொண்ணுக்கு மொத கல்யாணமே ஆவலய்யா. மறச்சி கட்டப் பாத்தீங்களான்னு அவுங்க போன்ல கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

முதலாளி கணினியில் ஏற்றுகிற பெண்ணைப் பார்த்தார்.

"சார், அந்தக் கட்டமே எனக்கு வரலியே. நான் தொடவே இல்ல."

"தொடாம தானா வந்துச்சா?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "இன்னா மச்சான், கம்ப்யூட்டரு தானா கல்யாணம் பண்ணி வெக்குமா?"

அது என் நிரலின் தப்பு என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "என்ட்ரில தட்டுனப்ப வந்த தப்புதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொன்னார். டிபன் பாக்சைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவள் படி இறங்கியதும் விட்டுவிட வேண்டிய பட்டியலில் அந்த ஆறாவது பெயரையும் சேர்த்தேன். ஒரே ஒரு சொல். யாரும் கவனிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த பாவாடையை உதறிக் கொடியில் போட்ட பிறகுதான் பேசினாள்.

"எனக்குத்தான் தெரியுமேண்ணா, நான் பண்ணலன்னு. இத அங்க சொல்லணும். இங்க வந்து எதுக்குச் சொல்றீங்க? எங்கப்பா நான் ஏதோ திருடிட்டு வந்த மாதிரி பாக்குறாரு."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தேன், அதுவும் எதிர்த்திசையில்.

பாதி வழியில் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். சேத்தியாத்தோப்பில் இறங்கி, பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லை.

"தப்பு எம்மேலதான் மாமா. அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக்குங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் நேர்ல போயி மாப்பிள வீட்ல சமாதானம் பண்ணிட்டேன். தப்பு பண்ணவள அனுப்பிட்டோம்னு சொல்லிட்டேன். இப்ப மெஷினுல கோளாறுன்னு சொன்னா மத்த வரன் தாள எவன் நம்புவான்? பேசாம கிளம்பி வா."

"அவளக் கூப்பிடுவீங்களா?"

"நீ மொதல்ல வா."

அவளைக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். போகவில்லை. போகாததால் அவளுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டாமென்று ஆனது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, சேத்தியாத்தோப்பிலேயே பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ஆள் வேண்டும் என்றார்கள். இலை எடுத்து மேசை துடைக்கும் வேலை. சாப்பாடு உண்டு, படுக்க மாடியில் இடம் உண்டு.

"முன்ன எங்க இருந்த?" என்று கேட்டார் ஓட்டல்காரர்.

"கடலூர்ல, ஓட்டல்லதான்" என்றேன். அவர் ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார்.