டம்ளரில் வராத ரிக் வண்டிக்காரர்

இன்று காலை என் நாத்தனார் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத்துகளை எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். நேற்று திருச்செங்கோட்டில் பேய்ப் படம் பார்த்தாளாம்.

“இதுமேல டம்ளரக் கவுத்து வெரல் வெச்சுக் கூப்புட்டா, அண்ணன் ஆவியா வந்து எழுத்தெழுத்தா டம்ளர நகத்திப் பேசுவாருங்க அண்ணி.”

என் கணவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“உங்கண்ணன் ரிக் வண்டில ஊரூராப் போயி போர்வெல் போட்டப்ப, நான் கூப்புட்டு ஒருநாளாவது மொத ரிங்குல எடுத்திருக்காரா அம்மணி? புள்ள பொறந்ததையே வண்டி மேனேஜர்கிட்டத்தான் சொல்லி உட்டேன். அந்த மனுசன் டம்ளருக்கு வந்துருவாரா?”

அட்டையைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். முறைத்துக்கொண்டே போனாள்.

கூப்பிட்டதும் ஆவி வரும் என்று படம் எடுத்தவர் வீட்டில் யாரும் ரிக் வண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருக்க மாட்டார்கள்.

வாழ்க்கைப்பட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஆள் எத்தனையாவது ரிங்கில் எடுப்பார்?