வாசலுக்கு வெளியே விட்ட சப்பாத்துகள்

போன கிழமை மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டட லிஃப்ற்றுக்குள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பெண் ஒருத்தி ஏறினாள். அவளுடைய சைக்கிள் வாசலில் பனி அப்பியபடி நின்றது. இரண்டு சப்பாத்துக்கும் மேலால் கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தாள். அவள் இறங்கிப்போன பிறகும் நனைந்த கம்பளிச் சொக்ஸின் மணம் உள்ளே நின்றது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நானோ இறங்க வேண்டிய மாடியைத் தவறவிட்டு, உச்சிவரை போய்த் திரும்பி வந்தேன்.

எனக்கு அது, மல்வேர்னில் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மென்ற் அறையின் மணம். அங்கே பல வருடங்களுக்கு முன் நானும் தேவன் அண்ணையும் இருந்தோம். அவர் எனக்கு உறவுமில்லை, ஒரே ஊருமில்லை. வாளியும் மூடியும் வார்க்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேருக்கும் வேலை, அவ்வளவுதான் சொந்தம். விடியமுன் தொடங்கும் ஷிஃப்ற்றுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்விட பஸ் இல்லை. கார் வாங்க வழியில்லை. ஆகவே சைக்கிள். பனிக்காலத்தில் சைக்கிள் ஓடுகிறவனை இந்த ஊரில் விசரன் என்றுதான் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வெட்கமெல்லாம் இருக்கவில்லை.

கையையும் காதையும் எப்படியோ காப்பாற்றிவிடலாம். கால்தான் பெரும்பாடு. நடக்கிறவனின் பாதம் மடங்கி நிமிர்ந்து தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும். சைக்கிளில் போகிறவனின் பாதம் பெடலில் சும்மா குந்தியிருந்து காற்றை வாங்குகிறது. நான் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சொக்ஸ் போட்டுச் சப்பாத்துக்குள் காலைத் திணித்துப் பார்த்தேன். இறுகினால் இரத்தம் ஓடாது, இன்னும் கூடத்தான் குளிரும் என்பது என் மண்டைக்குள் ஏற ஒரு பனிக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. பாண் ரொட்டி சுற்றிவரும் நீளப் பிளாஸ்டிக் பையை வெறுங்காலில் மாட்டினேன். வெளித் தண்ணீர் உள்ளே வரவில்லைத்தான், ஆனால் உள்ளே வேர்த்துக் குளமாகிவிட்டது. கடைசியில் ஒரு தடித்த கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேல் பாண் பை, அதற்கு மேல் ஓர் அளவு பெரிய சப்பாத்து என்று முடிவுக்கு வந்தோம். பைக்காகவே பாண் தின்ற காலம் அது.

இவ்வளவு யோசித்த எங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் யோசனையில் வரவேயில்லை. சப்பாத்தை நாங்கள் வாசலுக்கு வெளியேதான் கழற்றிவிட்டோம். பேஸ்மென்றுக்குப் பக்கவாசல். கதவைத் திறந்ததும், படி இறங்குகிற இடத்துச் சுவரில் வீட்டுக்கார அன்ரி பிள்ளையார் படம் மாட்டி விளக்கேற்றி வைத்திருந்தா. சாமிக்கு முன்னால் சப்பாத்தா? அன்ரி அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அவ சொல்லாவிட்டாலும் நாங்கள் அப்படித்தான் செய்திருப்போம். விடிய எழுந்து போனால் சப்பாத்து மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கும். உள்ளே புகுந்த பொடிப்பனியைத் தட்டிக் கொட்டிவிட்டுக் காலை விடுவோம். நான் ஐயோ அம்மா என்று கத்துவேன். தேவன் அண்ணை சிரிப்பார்.

"உங்களுக்குக் குளிரேல்லையோ அண்ணை?"

"எனக்கொண்டும் தெரியேல்லை. உனக்குத்தான் பஞ்சுக் கால்."

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. குளிசை போட்டுக்கொள்வார். அந்த வருத்தம் கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மனுசன் பெரிய வீரன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள், வேலையிடத்தில் உடுப்பு மாற்றுகிற அறையில் அவர் சொக்ஸைக் கழற்றினார். இடது காலின் கடைசி இரண்டு விரல்களும் மெழுகு போல வெளுத்திருந்தன.

"விறைச்சுப் போச்சு. சூடு காட்டினால் சரி வந்திடும்" என்று சொல்லி, பாதத்தை ஹீற்றரோடு ஒட்டி வைத்துக்கொண்டு என்னோடு சாந்தியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சாந்தி அவருடைய மனைவி. கலியாணமாகிச் சில மாதங்களிலேயே அவவை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர். அவவை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்தது. அவவின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கதைக்கு நடுவில் தோல் பொசுங்குகிற மணம் எனக்கு அடித்தது. பாய்ந்து காலை இழுத்தேன். "ஏன்ரா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவர் கண்கலங்கியது விரலுக்காக அல்ல.

"நிண்டு வேலை செய்ய ஏலாதெண்டு நிப்பாட்டிப் போடுவாங்களடா. வேலை இல்லாட்டி சாந்தியை எப்பிடிக் கூப்பிடுறது?"

விரல்கள் இரண்டும் போய்விட்டன. நல்ல காலம், வேலை போகவில்லை. இருந்தபடி மூடி பூட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள்.

அவர் வீடு திரும்பிய அன்று அன்ரி கீழே வந்தா. கட்டுப்போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு போய்ப் பிள்ளையார் படத்தைக் கழற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலே ஏறினா. திரும்பி வந்து, அந்தச் சுவரடியில் பழைய பேப்பரை விரித்தா.

"இனிச் சப்பாத்தெல்லாம் உள்ளுக்குத்தான். இஞ்ச வையுங்கோ."

"சாமி இருந்த இடம் அன்ரி..." என்று நான் இழுத்தேன்.

"எனக்குத் தெரியும். வையுங்கோ."

கோயிலுக்கு நான் அதிகம் போகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வெறுஞ்சுவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அடுத்த இலையுதிர்காலத்தில் சாந்தியக்கா வந்து சேர்ந்தா. உணர்ச்சியில்லாத காலுக்கு வேறு யாராவது கண்ணாக இருக்க வேண்டும் என்று தாதி ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டா. அவர் வேலைக்கு வெளிக்கிடமுன் சப்பாத்துக்குள் கையை நுனிவரை விட்டுத் தடவுவா. சொக்ஸுக்குள்ளும் விடுவா. கொஞ்சம் பிசுபிசுத்தாலும் வேறு சோடிதான். இன்னொருவர் சப்பாத்துக்குள் கைவிடுவது எங்கள் சனம் செய்கிற காரியமில்லை. முதன்முதல் கண்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உவர் ஈரமெண்டாலும் தெரியாமல் போட்டுக்கொண்டு போயிடுவார்" என்று, நான் கேட்காமலே எனக்குச் சமாதானம் சொன்னா.

கார் வாங்கிய பிறகும், பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவ விடவில்லை.

தொழிற்சாலை இப்போது இல்லை, அங்கே சாமான் அடுக்குகிற பெரிய கிடங்கு நிற்கிறது. அன்ரி வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டா. என் கால் பனியில் நனைந்து எத்தனையோ வருடமாகிறது. தேவன் அண்ணையும் இந்தப் பனிக்காலம் தொடங்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

இறுதிக்கிரியை மண்டபத்தில், அவருக்கு உடுத்த உடுப்புக் கேட்டார்கள். சாந்தியக்கா வேட்டி, சால்வையோடு ஒரு சோடி கம்பளிச் சொக்ஸும் கொண்டுவந்திருந்தா. வேட்டிக்கு எதற்குச் சொக்ஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே வேலை செய்கிறவரிடம் கொடுக்க எல்லாவற்றையும் அவவிடமிருந்து வாங்கிக் கையை நீட்டினேன். அக்கா சொக்ஸை மட்டும் திருப்பி வாங்கினா. ஒன்றுக்குள் கையை நுனிவரை விட்டு, விரல்களை விரித்துத் தடவிப் பார்த்தா. பிறகு மற்றதையும்.

"ஈரமில்லைத் தம்பி. குடுங்கோ."