அக்கரையில் சாகப் போனவர்

அடுப்பு ரிப்பேர் செய்கிறவரை அந்த ஊரில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பு சரியாக எரியாத வீட்டில் "டாக்டரை வரச் சொல்லு" என்று குரல் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள். அவர் வந்து பர்னரைக் கழற்றி, கம்பியால் குத்தி, ஊதிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, அடைப்புதான். பயப்படாதீங்க" என்பார். அந்த நிதானம் நாடகத்தில் டாக்டர் வேஷம் போட்டுப் போட்டு வந்தது.

நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் நிஜமாகவே ஒரு டாக்டர் பிறந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊரில் காலரா வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு போனார். கதையில் இதுவரைக்கும் இரண்டு ஊருக்கும் தகராறு இல்லை. அவர் எங்களிடம்தான் உயிரை விட்டார், அதனால் எங்கள் ஆள் என்றது அக்கரை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் இறந்தார், அதனால் கடைசி மூச்சுவரை எங்கள் ஆள் என்றது இக்கரை.

இக்கரைக்காரர்கள் நூலக மாடியில் கண்காட்சி வைத்து அவர் கிடந்த தொட்டிலைக் காட்டினார்கள். அதே தொட்டிலில் மளிகைக்கடைக்காரரின் மூன்று பிள்ளைகளும் வளர்ந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த மளிகைக்கடைக்காரர்தான் இக்கரை நாடகக் குழுவுக்குத் தலைவர். அக்கரைக்காரர்கள் நகராட்சிக் கூடத்தில் அவர் உயிர்விட்ட கட்டில் என்று ஒரு இரும்புக் கட்டிலைப் போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு ஊரிலும் நாடகம். பாலத்து மணி அடித்ததும் டாக்டர் பையை எடுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களின் நடுவே நடந்து வெளியே போவதோடு இக்கரை நாடகம் முடியும். அக்கரையில் அவர் வந்து சேர்வதில் ஆரம்பித்துச் சாவதில் முடியும். இக்கரையில் இருபது வருடமாக அடுப்புக்காரர்தான் டாக்டர். பையும் அவருடைய சாமான் பைதான். மேலே கறுப்புத் துணி சுற்றியிருக்கும். நடந்தால் உள்ளே ஸ்பானர் பேசும்.

அவர் மனைவிக்கு அக்கரை பிறந்த ஊர். வருடம் தவறாமல் அங்கே போய் நாடகம் பார்த்துவிட்டுக் கண் வீங்கித் திரும்புவாள்.

"அப்படி என்னதான் அழுகை?"

"டாக்டர் வேஷத்துல அந்தத் தபால்காரர் என்னமா சாகறாருங்க! தண்ணி கேக்கறாரு, டம்ளர் வர்றதுக்குள்ள தலை சாஞ்சிடுது."

"நம்ம நாடகத்துல உனக்கு ஒரு சொட்டு வந்ததில்லையே."

"நீங்க பையத் தூக்கிட்டு வேலைக்குப் போறீங்க. தினம்தான் போறீங்க. அதுக்கு என்னன்னு அழறது?"

அந்தக் காட்சியில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒரு தடவையாவது இவள் கண்ணெதிரில் செத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்துக்கொண்டது.

தபால்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. அக்கரைக் குழுவை நடத்துகிற மச்சான், மனைவியின் அண்ணன், தானே வந்தார்.

"மாப்ள, நீங்கதான் காப்பாத்தணும். ரெண்டு நாள் வந்து செத்துக் குடுங்க."

இவர் மரியாதைக்குக்கூட யோசிக்கவில்லை. சரி என்றார்.

விஷயம் தெரிந்து மளிகைக்கடைக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். "என்ன டாக்டரே, அங்க போய்ச் சாகப் போறீங்களாமே?"

"நடிப்புதானேங்க."

"டாக்டர்னா ஜனங்களுக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது. அந்த மூஞ்சி அந்தக் கட்டில்ல சாஞ்சா, கட்டில் நிஜமாயிடும். அப்புறம் நம்ம தொட்டிலை எவன் வந்து பாப்பான்?"

"ஒரே ஒரு தடவை செத்துட்டு வந்துடறேன்."

"செத்துட்டு வர்றவருக்கு இங்க வேஷம் கிடையாது."

அடுப்புக்காரர் கையிலிருந்த அடுப்பைத் துடைத்து வைத்தார். "சரிங்க, வேஷம் போனாப் போகட்டும்" என்றார்.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாகிற இடத்தில் மச்சான் வாயாலேயே "மணி, மணி" என்று சொல்லிவிடுவார். நாடகத்தின் முதல் நாள் மாலை நிஜ மணி வந்தது. ஆஸ்பத்திரி மணி, நகராட்சித் தலைவர் வாங்கிக் கொடுத்தது, அவரே அடிப்பார். இவர் தண்ணீர் கேட்டார். தலை சாய்ந்தது. அங்கங்கே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். இரண்டாவது வரிசையில் மனைவி முந்தானையை எடுத்தாள். மணி அடித்தது.

இறந்தவர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, ஸ்பானர் குலுங்க ஜனங்களின் நடுவே நடந்து வெளியே போனார்.

கடைசி வரிசையில், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? வீட்டுக்குக் கிளம்பிட்டாரு! நாங்க என்ன சொன்னோம்?"

சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் இவருக்குப் புத்தி வந்தது. மச்சான் மூச்சிரைக்க வந்து நின்றார். "மாப்ள, உயிர்தான் போகணும். ஆள் போகக்கூடாது."

"மணி அடிச்சுது மச்சான். இருபது வருஷப் பழக்கம், கால் எழுந்துடுச்சு."

மணியை நிறுத்த வழியில்லை. நகராட்சித் தலைவருக்கு நாடகத்தில் இருந்த ஒரே வேலை அதுதான்.

மறுநாள் காலையில் மச்சான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க வேஷம் போச்சு. இங்க சாகவும் வரல" என்றார்.

"இன்னிக்கு நானும் மேடைக்கு வர்றேன்" என்றாள் மனைவி.

"உனக்கு நாலு பேரப் பாத்தா கை கால் உதறுமே."

"எனக்கு வசனம் வேண்டாம். காலரா வந்த வீட்டு ஆள் மாதிரி கால்மாட்டுல உக்காந்துக்கறேன். சாப்பிடுங்க."

அன்று மாலை பழைய போர்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டார். தலை சாய்ந்தது. மணி அடித்தது. கட்டிலில் மூடியிருந்த துணிக்குள் அவர் கால் அசைந்தது. அவள் அப்படியே அதன்மேல் விழுந்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அழுத்தினாள்.

கூடமே உடைந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டு அழுதாள். மச்சான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். இன்றும் டிக்கெட் வாங்கி வந்திருந்த மளிகைக்கடைக்காரர் கோபமாக மூக்கைச் சிந்தினார்.

திரை விழுந்தது.

"விடு, முடிஞ்சுது" என்றார் இவர்.

"கிடங்க. அவர் இன்னொரு தடவை அடிச்சாலும் அடிப்பாரு."

அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "அழுதியா?"

"எங்க அழறது? ரெண்டு கையும் உங்க கால்ல. மனசெல்லாம் மணியில."

அவள் கையைத் தளர்த்தினாள்.

"அடுத்த வருஷம் காலைக் கட்டிலோட சேத்துக் கட்டிடச் சொல்றேன் அண்ணன்கிட்ட. நான் கீழ உக்காந்து நிம்மதியா பாக்கறேன்."